ஊட்டி ஏன் குளுருது? கெணத்து மோட்டார்ல இருந்து ஆரம்பிக்கறேன்

திருப்பூர் பக்கம் பதினொண்ணாவது படிக்கற ஒரு அம்மிணி கேட்டிருந்துச்சு. "மேட்டுப்பாளையத்துல வாங்குன மிக்சர் பாக்கெட் குன்னூர் போறதுக்குள்ள பலூன் மாதிரி உப்பிருச்சு, காது அடைச்சுருச்சு, ஊட்டில எறங்குனா குளுரு. சூடான காத்து மேல போகும்னு புக்குல இருக்கு, சூரியனுக்கும் மேல போகப்போக பக்கம், அப்ப மலை தானே சூடா இருக்கணும்? அழுத்தம் மேல கம்மி, கீழ ஜாஸ்தின்னா மேட்டுப்பாளையத்துக் காத்து ஏன் ஊட்டிய பாத்து பிச்சுக்கிட்டு வீசல? இன்னும் மேல போனா ஆயிரம் டிகிரின்னு வேற போட்டிருக்கு, எது உண்மை?" நாலு கேள்விய ஒண்ணா கட்டி அனுப்பிருச்சு. வாத்தியார்கிட்ட கேட்டா "சிலபஸ்ல இல்ல"ன்னுட்டாராம்.

நான் வாத்தியார் இல்லைங்க. இருவத்தஞ்சு வருசமா கோயம்புத்தூர்ல பம்ப்செட் தொழில். ஆனா காத்தோட அழுத்தத்த நம்புனா மட்டும்தான் எங்க தொழில்ல சோறு, அதனால கெணத்துல இருந்தே ஆரம்பிக்கறேன்.

எங்க அப்பாரு காலத்துல மாடு கட்டி தண்ணி எறைக்கற கவலை போயி கரண்டு மோட்டார் வந்தப்ப மோட்டார மேட்டுல வெக்கலைங்க, கெணத்துக்குள்ள பாதி ஆழத்துல திட்டு கட்டி அதுமேல வெச்சாங்க. இப்பவும் பல்லடம், காங்கேயம் பக்கம் பழைய கெணறுகள்ல அந்தத் திட்டு இருக்கும், மழை வந்து கெணறு நெரம்புனா மோட்டார் முழுகிரும், அப்பறம் ஊர்ல நாலு பேரு சேந்து கவுறு கட்டி இழுக்கணும், காயில் கட்ட கோயம்புத்தூர் தூக்கிட்டு ஓடணும். இத்தனை ரோதனை எதுக்கு, மேட்டுலயே வெச்சு குழாய மட்டும் நீளமா விட்டா ஆகாதான்னு சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன். "தண்ணி ஏறாதுடா"ன்னு மட்டும் சொல்லுவாரு. ஏன் ஏறாதுன்னு அவருக்கும் தெரியல, கொண்டுவந்து மாட்டுன மெக்கானிக்குக்கும் தெரியல.

விசயம் என்னன்னா பம்பு தண்ணிய உறிஞ்சறதே இல்லைங்க. சக்சன் பக்கம், அதாவது தண்ணி உள்ள வர்ற குழாய்ப் பக்கம் இருக்கற காத்த எடுத்து அந்த எடத்த காலி பண்ணுது, அவ்வளவுதான். தண்ணிய மேல தள்ளறது கெணத்துத் தண்ணி மேல உக்காந்திருக்கற வெளிக்காத்து. அந்தக் காத்துக்கு எடை இருக்குது, கடல் மட்டத்துல ஒரு சதுர சென்டிமீட்டர் எடத்துக்கு ஒரு கிலோ கிட்ட, ஒரு சதுர மீட்டருக்கு பத்து டன். அந்த எடைக்கு ஈடா எத்தனை உயரம் தண்ணி நிக்குமோ அதுக்கு மேல எந்தக் கொம்பன் பம்பும் உறிஞ்சி ஏத்த முடியாது, கணக்குப்படி 10.3 மீட்டர், அதாவது 34 அடி கிட்ட. நடைமுறைல குழாய் உராய்வு, தண்ணியோட ஆவி அதெல்லாம் போக 24, 25 அடி நின்னா பெரிய விசயம். அதனாலதான் மோட்டார தண்ணிக்குப் பக்கத்துல எறக்குனாங்க. அப்பறம் ஜெட் பம்பு வந்துச்சு, கம்ப்ரசர் வந்துச்சு, சப்மெர்சிபிள் வந்துச்சு, இதெல்லாம் தண்ணிய கீழ இருந்தே மேல தள்ற வேலை, வெளிக்காத்த நம்பறதில்ல.

இந்த 34 அடி சமாச்சாரத்த முதல்ல கண்டுக்கிட்டதும் எங்காளுங்க மாதிரி பம்பு மெக்கானிக்குகதான். கலிலியோ 1638ல வந்த புத்தகத்துல, ஒரு உறிஞ்சு பம்பு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல தண்ணி ஏத்தலைன்னும் ரிப்பேர்க்காரரு அது பம்போட தப்பில்லைன்னு சொன்னதாவும் எழுதியிருக்காரு. கலிலியோ சொன்ன காரணம் வேற, அது தப்பு. அவருகிட்ட இருந்த டோரிசெல்லி, 1643ல, தண்ணிக்கு பதிலா பாதரசத்த எடுத்தாரு, அது தண்ணிய விட 13.6 மடங்கு கனம், அதனால 34 அடிக் குழாய் வேண்டாம், 76 சென்டிமீட்டர்லயே நின்னுருச்சு. பாரோமீட்டர் பொறந்தது அப்படித்தான். அஞ்சு வருசம் கழிச்சு விஞ்ஞானி பாஸ்கல் அவரோட அக்கா வீட்டுக்காரரு பெரியேங்கறவர ஃபிரான்சுல ஒரு மலை மேல பாதரசக் குழாயோட ஏறச் சொன்னாரு. கீழ ஒரு குழாய வெச்சு அத பாத்துக்க ஆளயும் போட்டுட்டு இவரு மேல போயி அளந்தா பாதரசம் எட்டு சென்டிமீட்டர் கிட்ட எறங்கியிருந்துச்சு, கீழ இருந்த குழாய்ல ஒண்ணும் மாறல. மேல போகப்போக தலைக்கு மேல இருக்கற காத்து கம்மி, அதனால எடை கம்மி, அதனால அழுத்தம் கம்மி. மாப்பிள்ளைய மலை ஏத்தி வேலை வாங்கறது அந்தக் காலத்துலயே இருந்திருக்குது பாருங்க.

எனக்கு இது உறைச்சது புத்தகத்துல இல்லைங்க, கோத்தகிரில. புதுசா தொழிலுக்கு வந்த நேரம், ஒரு எஸ்டேட்டுக்கு மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கறது) குடுத்தோம், இங்க தொட்டில 24 அடி சக்சன், அதாவது தண்ணிக்கு மேல 24 அடில பம்ப வெச்சு ஓட்டிப் பாத்தா அருமையா தண்ணி எடுத்துச்சு. அங்க கொண்டுபோயி அதே 24 அடில மாட்டுனா பம்புக்குள்ள ஜல்லி போட்டு ஆட்டற மாதிரி சத்தம், தண்ணி பாதி கூட வரல. ஃபுட்வால்வ மாத்துனோம், கிளாண்டு மாத்துனோம், ஏர் புடிக்குதுன்னு ஜாயிண்டுக்கெல்லாம் சணல் சுத்துனோம், மூணு நாள் போச்சு. எஸ்டேட்காரரு எங்கள ஃபிராடுன்னே முடிவு பண்ணிட்டாரு. கடைசில ஒரு வயசான ஃபிட்டரு வந்து "மலைல காத்து இளசுடா, பம்ப நாலடி எறக்கு"ன்னாரு. எறக்குனோம், ஓடுச்சு. கணக்கு பாத்தா புரியும். கோயம்புத்தூர் கடல் மட்டத்துல இருந்து 410 மீட்டர் சொச்சம், இங்க காத்தழுத்தம் 965 மில்லிபார் கிட்ட (இப்ப ஹெக்டோபாஸ்கல்ங்கறாங்க, எண்ணு ஒண்ணுதான், கடல் மட்டத்துல சராசரி 1013). அது 9.8 மீட்டர் தண்ணிய தாங்கும், 24 அடிங்கறது 7.3 மீட்டர், மிச்சம் ரெண்டரை மீட்டர் கையில இருக்குது. கோத்தகிரி 1800 மீட்டர் சுமார், அங்க 815 மில்லிபார், 8.3 மீட்டர்தான் தாங்கும், மிச்சம் ஒரே மீட்டர். அதுல உராய்வு போக பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லர் சக்கரத்துகிட்ட தண்ணி சூடில்லாமயே கொதிச்சு குமிழி உட்டுருது, அந்தக் குமிழி நசுங்கி ஒடையற சத்தம்தான் ஜல்லிச் சத்தம்.

சரி, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு கொறையும்? இங்க ஒண்ணு கவனிக்கணும், தண்ணி மாதிரி இது ஒரே சீரா கொறையறதில்ல. தண்ணிய அமுக்க முடியாது, காத்த அமுக்கலாம். ஜின்னிங் ஃபேக்டரில பஞ்ச குமிச்சு வெச்சிருக்கறத பாத்திருப்பீங்க, அடில இருக்கறது மேல இருக்கற பஞ்சோட கனத்துல நெருக்கி கெட்டியா கெடக்கும், மேல இருக்கறது பொசபொசன்னு இருக்கும். காத்தும் அதே கதை. அதனால அடில ஒரு கிலோமீட்டர் ஏறுனா நூத்துப்பத்து மில்லிபாருக்கு மேல கொறையுது, பத்தாவது கிலோமீட்டர்ல அதே ஒரு கிலோமீட்டருக்கு அம்பது கூட கொறையறதில்ல. மனசுல வெச்சுக்கறதுக்கு ஒரு தோராயம், அஞ்சரை கிலோமீட்டருக்கு ஒருக்கா பாதியாகும். எவரெஸ்ட் உச்சில மூணுல ஒரு பங்கு, முப்பது கிலோமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு சொச்சம்.

நம்ம வழிக்கு வந்தா மேட்டுப்பாளையம் 326 மீட்டர், அங்க 975. ஊட்டி 2240 மீட்டர், அங்க 770ல இருந்து 780. ரெண்டு மணி நேர பஸ் பயணத்துல இருநூறு மில்லிபார், அஞ்சுல ஒரு பங்கு காத்து கழண்டுருச்சு. மிக்சர் பாக்கெட்டுக்குள்ள அடைச்சது மேட்டுப்பாளையத்துக் காத்து, வெளில அமுக்கற கை தளந்துருச்சு, அது உப்பாம என்ன செய்யும். காதும் அதேதான், செவிப்பறைக்கு உள்பக்கம் கீழ்நாட்டுக் காத்து மாட்டிக்குது, எச்சிய முழுங்குனா தொண்டைக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற குழாய் தொறந்து சமமாயிரும். பழைய டிவிஎஸ் மொபெட்ல ரெண்டு பேரு மலைப்பாதைல பர்லியார் தாண்டி போனவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும், வண்டி மூச்சு வாங்கும், கார்புரேட்டருக்கு பெட்ரோல் வருது, எரிக்க காத்து பத்தல. ஆக்சிஜன் மலைல "சதவீதம்" கம்மின்னு சில பேரு சொல்றாங்க, அது தப்பு, ஊட்டிலயும் 21 சதவீதம்தான், எவரெஸ்ட்லயும் 21தான், மொத்தக் காத்தே கம்மி, அவ்வளவுதான். அங்க தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுரும், பருப்பு வேகாததுக்குக் காரணம் அது. குக்கர்ல கூட, வெயிட் வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுன்னு மட்டும்தான் நிர்ணயம் பண்ணுது, அதனால இங்க 120 டிகிரி வர்ற குக்கரு அங்க 116 கிட்டதான் வரும், ஒரு விசில் சேத்து விடணும்.

இப்ப அம்மிணி கேட்டதுலயே எனக்கு நெம்ப புடிச்ச கேள்வி. கீழ 975, மேல 775, அப்ப காத்து ஏன் மேல பாயல? இத சாதாரணமா எடுக்காதீங்க. உலகத்துல இதுவரைக்கும் கடல் மட்டத்துல அளந்ததுலயே கம்மியான அழுத்தம் 1979ல பசிபிக்ல வந்த டிப்புங்கற சூறாவளியோட மையத்துல, 870 மில்லிபார். சைபீரியாவுல குளிர்காலத்துல கூடுனபட்சம் 1085 கிட்ட. பூமில நடக்கற மொத்த புயல், வெயில், மழை எல்லாமே இந்த 215 மில்லிபாருக்குள்ள அடங்கிருது. கிட்டத்தட்ட அதே வித்தியாசம் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவுல எந்நேரமும் இருக்குது, ஆனா மலையடிவாரத்துக் கல்லார்ல ஒரு பாக்கு மர எலை கூட ஆடாத நாள் உண்டு.

காரணத்துக்கு உங்கூட்டு மொட்ட மாடி சின்டெக்ஸ் தொட்டிய பாருங்க. அடில அழுத்தம் ஜாஸ்தி, மேல கம்மி. அடித்தண்ணி மேல எகிறிக் குதிக்குதா? இல்ல. அழுத்தம் மேல தள்ளுது, எடை கீழ இழுக்குது, ரெண்டும் சரிக்குச் சரி. காத்துக்கும் அதே பஞ்சாயத்து. மேட்டுப்பாளையத்துல அழுத்தம் ஜாஸ்தியா இருக்கறதே மேல இருக்கற காத்த தாங்கிப் புடிக்கத்தான், அந்த இருநூறு மில்லிபாரும் நடுவுல இருக்கற காத்தோட எடைக்கே செலவாயிருது, தள்ளறதுக்குன்னு மிச்சம் ஒண்ணும் இல்ல. தொட்டில அடிப்பக்கம் ஓட்டை போட்டா பக்கவாட்டுல பீச்சி அடிக்குதே, ஏன்னா பக்கவாட்டுல புடிச்சு வெக்க எடைன்னு ஒண்ணு இல்ல.

அதனாலதான் ஒரே மட்டத்துல சில மில்லிபார் வித்தியாசம் வந்தாலே போதும், காத்து கெளம்பிரும். ஆடிக்காத்து அப்படி வர்றதுதான். வெயில் காலத்துல உள்நாடு காஞ்சு சூடாகி அழுத்தம் எறங்குது, மேக்கால அரபிக்கடல் அந்த அளவு சூடாகறதில்ல, அங்க அழுத்தம் ஒரு சுத்து ஜாஸ்தி. நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை சுவரு மாதிரி நிக்குது, அதுல பாலக்காட்டுப் பக்கம் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கதவு தொறந்து கெடக்குது. தோட்டத்துல மடைய தொறந்து உட்ட மாதிரி அத்தனை காத்தும் அதுல வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு விரிஞ்சு ஓடுது. அங்க நிக்கற காத்தாடிக எல்லாம் வைகாசி கடைசில இருந்து ஆவணி வரைக்கும் வெறிபுடிச்சு சுத்தறது அந்த சில மில்லிபாரத் தின்னுதான். அப்பறம் ஒரு எச்சரிக்கை, போன்ல வானிலை பாத்தா ஊட்டிக்கும் 1012ன்னு காட்டும், இவன் பொய் சொல்றான்னு என்னைய திட்டாதீங்க, அது ஊட்டிய கடல் மட்டத்துக்கு எறக்குனா எவ்வளவு இருக்கும்னு கணக்கு போட்டு காட்டறது. அப்படி மாத்தலைன்னா மேப்புல மலையெல்லாம் புயல் மாதிரி தெரியும்.

குளுருக்கு வருவோம். சூரியனுக்குப் பக்கம்ங்கறத முதல்ல தூக்கிப் போடுங்க. சூரியன் 15 கோடி கிலோமீட்டர், ஊட்டி ரெண்டு கிலோமீட்டர் கிட்ட போனா என்ன ஆகப்போகுது. பூமியே ஜனவரி ஆரம்பத்துல சூரியனுக்கு நெருக்கமாவும் ஜூலைல தூரமாவும் இருக்கு, வித்தியாசம் அம்பது லட்சம் கிலோமீட்டர், ஆனா நமக்கு போர்வை வேணுங்கறது மார்கழிலதானே. காத்து வெயில நேரா குடிச்சு சூடாகறது கொஞ்சம்தான், வெயில் பாதிக்கு மேல காத்த ஊடுருவி வந்து மண்ணுல எறங்குது, மண்ணு சூடாகி அதுதான் காத்த கீழ இருந்து சுட வெக்குது. அதாவது அடுப்பு கீழ இருக்குது, மேல இல்ல.

"சரி, சூடான காத்து மேல போகுதே, போயி மேல சூடாக்கலாம்ல?" போகுதுங்க, ஆனா போற வழில செலவு பண்ணிட்டே போகுது. மேல போகப்போக சுத்தி அமுக்கறது கொறையுது, இது விரியுது, விரியறப்ப சுத்தி இருக்கற காத்த தள்ளி எடம் புடிக்கணும், அது வேலை, வேலைக்கு சக்தி வேணும், வெளில இருந்து யாரும் குடுக்கறதில்ல, தன் சூட்டத்தான் எடுத்து குடுக்கணும். சந்தைக்கு ஆயிரம் ரூவாயோட கெளம்பி வழி நெடுக செலவு பண்ணிட்டே போறவன் போய்ச் சேரறப்ப பை இளைச்சுரும், அப்படி. எறங்கி வர்றப்ப தலைகீழ், சுத்தி இருக்கற காத்து இத அமுக்குது, செலவழிச்ச காசு பைசா குறையாம பைக்கு திரும்பி வருது. போர்வெல் கம்ப்ரசர் வெச்சிருக்கறவங்களுக்கு இது தெரியும், காத்த அமுக்கற ஹெட்ட தொட்டுப் பாருங்க, கை வெந்துரும், அதுல இருந்து போற செம்புக் குழாயும் கொதிக்கும். சைக்கிளுக்கு காத்தடிச்சா பம்போட அடி சுடறது இதேதான். டயர் வால்வ அமுக்கி காத்த உட்டா சில்லுனு வருது.

கணக்கு என்னன்னா காஞ்ச காத்து ஒரு கிலோமீட்டர் ஏறுனா 9.8 டிகிரி எறங்கும், எறங்குனா 9.8 ஏறும். அதுல ஈரம் இருந்து மேகமா மாற ஆரம்பிச்சா ஆவி தண்ணியாகறப்ப ஒளிச்சு வெச்சிருந்த சூட்ட வெளிய உடுது, அதனால எறக்கம் அஞ்சு டிகிரி சுமாருக்கு மெதுவாயிரும். ரெண்டும் கலந்து உலக சராசரியா கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரின்னு வெச்சிருக்காங்க. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் 1.9 கிலோமீட்டர், ஆறரைல பெருக்குனா 12 டிகிரி சொச்சம், கிட்டத்தட்ட அதேதான் நீங்க பஸ்ஸ விட்டு எறங்கறப்ப ஸ்வெட்டர் தேடற வித்தியாசம்.

இந்த 9.8க்கும் 5க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் கொங்கு நாட்டோட தலையெழுத்தே. கேரளாப் பக்கம் 28 டிகிரி ஈரக்காத்து ஒண்ணு மலை ஏறுதுன்னு வெச்சுக்குங்க. முதல் அரை கிலோமீட்டர் காஞ்ச கணக்குல 23 ஆகுது, அங்க மேகம் கட்டுது, மிச்சம் ஒண்ணரை கிலோமீட்டர் மழைய கொட்டிக்கிட்டே ஏறி ரெண்டாயிரம் மீட்டர் உச்சில 15 சொச்சத்துல நிக்குது. ஈரத்த பூரா அங்கயே எறக்கி வெச்சாச்சு, இனி காஞ்ச காத்து. 400 மீட்டர்ல இருக்கற நம்ம சமவெளிக்கு எறங்குனா 1.6 கிலோமீட்டர், 9.8ல பெருக்குங்க, 31 ஆச்சு. மழையே பெய்யாம வந்திருந்தா அதே உயரத்துல 24தான் இருந்திருக்கும். மழை பேஞ்ச எடம் ஒண்ணு, அது உட்ட சூட்ட வாங்கற எடம் வேற. வால்பாறைக்குப் பக்கத்துல சின்னக்கல்லார்ல வருசத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல கொட்ட, கீழ கோயம்புத்தூர்ல 700 கிட்டயே நிக்கறது, பல்லடம் பக்கம் மேகம் தலைக்கு மேல ஓடிக்கிட்டே இருந்தும் ஒரு பொட்டு விழாம போறது எல்லாம் இந்தக் கணக்குதான். காத்து எறங்கறப்ப சூடாகி மேகத்த காய வெச்சுருது.

இங்க ஒரு குழப்பத்த தீத்து வெச்சுடறேன், படிச்சவங்களே தப்பா சொல்றாங்க. "அழுத்தம் கம்மி, அதனால குளுரு"ன்னு நேரா சொல்லக் கூடாது. அழுத்தம் கொறையற அந்த நேரத்துல, விரியறப்பதான் குளுருது. விரிஞ்சு முடிச்சு சும்மா நின்னா அதுக்குன்னு குளுரு கெடையாது. காலைல காத்தடிச்ச டயரு சாயங்காலம் சூடாவா இருக்குது? இல்ல, ஆனா அழுத்தம் அப்படியே இருக்குது. மலைக்காத்து குளுராவே இருக்கறதுக்குக் காரணம், மேல கீழ ஏறி எறங்கற கொதிப்பு ஓயாம நடந்துக்கிட்டே இருக்கறதும், அடுப்பு கீழ இருக்கறதும். அந்தக் கொதிப்பு நின்னா கதையே மாறிரும்.

நிக்கறத நீங்களே பாத்திருக்கீங்க. மார்கழி, தை மாசத்துல ராத்திரி மேகமில்லாம இருந்தா மண்ணு தன் சூட்ட வானத்துக்கு உட்டுட்டு வெறைச்சுரும், அத தொட்டுக்கிட்டு இருக்கற காத்தும் குளுந்துரும், மேல இருக்கற காத்து அத விட சூடா நிக்கும். குளுந்த காத்து கனம், அது ஏறாது, தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். ஊட்டில உறைபனி காந்தல், தலைக்குந்தா மாதிரி பள்ளமான எடத்துல, புல்வெளில விழும், அதுக்கு மேல இருக்கற மேட்டுல விழாது, மேட்டுல குளுரு ஜாஸ்தியா இருக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு அது ஆச்சரியமா இருக்கும். சமவெளிலயும் இதே மாதிரிதான், விடியக்காலம் செங்கச்சூளைப் புகை கொஞ்சம் ஏறி அப்பறம் தட்டப் பலகைல முட்டுன மாதிரி படுத்துக்கிட்டு நீளமா போகும். அந்தப் பலகைதான் மேல இருக்கற சூடான காத்து. ஒம்போது மணி வெயில் மண்ண சுட்டதும் கொதிப்பு ஆரம்பிச்சு பலகை ஒடைஞ்சுரும், புகை கலைஞ்சுரும்.

இத விடப் பெரிய பலகை ஒண்ணு மேல இருக்குது. ரொம்ப நாளா வெப்பநிலை மேல போகப்போக கொறைஞ்சுக்கிட்டே போயி முடியும்னுதான் நெனைச்சிருந்தாங்க. ஃபிரான்சுல தெய்செரான் த போர்ங்கறவரு கருவி கட்டுன ஆளில்லாத பலூன்கள நூத்துக்கணக்குல உட்டுப் பாத்தாரு, பதினோரு கிலோமீட்டர் தாண்டுனதும் குளுரு எறங்கறது நின்னு போச்சு. கருவி மேல வெயில் பட்டு தப்பா காட்டுதோன்னு சந்தேகப்பட்டு ராத்திரில உட்டாரு, அப்பவும் அதேதான். இருநூறுக்கு மேல பலூன் உட்ட பின்னாடிதான் 1902ல வெளிய சொன்னாரு. அந்தப் பொறுமை எனக்கு நெம்ப புடிக்கும், நானா இருந்தா மூணாவது பலூன்லயே ஊருக்கு தண்டோரா போட்டிருப்பேன். அதுக்கு மேல இருக்கற அடுக்குக்கு ஸ்ட்ராட்டோஸ்பியர்னு பேரு. அங்க ஓசோன் இருக்குது, அது சூரியனோட புற ஊதாக் கதிர நேரா குடிச்சு சூடாகுது. அதாவது அங்க ரெண்டாவது அடுப்பு மேல இருக்குது. அதனால ஏற ஏற சூடாகி, அம்பது கிலோமீட்டர்ல திரும்ப பூஜ்யம் டிகிரி கிட்ட வந்துருது. ஆனா அழுத்தம் அதுபாட்டுக்கு எறங்கிக்கிட்டே இருக்குது, அங்க ஒரு மில்லிபார் கூட இல்ல. அழுத்தத்துக்கு மேல இருக்கற எடை மட்டும்தான் கணக்கு, அதனால ஒரே வழி, எறக்கம்தான். வெப்பநிலைக்கு அடுப்பு எங்க இருக்குங்கறது கணக்கு, அதனால அது வளைஞ்சு நெளிஞ்சு போகும்.

அந்தப் பலகை எங்கயும் ஒரே உயரத்துல இல்லைங்க. துருவத்துப் பக்கம் எட்டு ஒம்போது கிலோமீட்டர்லயே வந்துரும், நம்ம மாதிரி வெயில் நாட்டுக்கு மேல 16, 17 கிலோமீட்டர். கொதிப்பு இங்க ஜாஸ்தி, அதனால மேல வரைக்கும் தூக்கிட்டு போகுது, அவ்வளவு தூரம் விரிஞ்சுக்கிட்டே போறதால அங்க மைனஸ் 80 டிகிரி கிட்ட வந்துருது. பங்குனி வெயில்ல ஈரோட்டுல வேர்த்து வடியறப்ப நேரா தலைக்கு மேல பதினாறு கிலோமீட்டர்ல இருக்கற குளுரு, துருவத்துல அதே பலகைகிட்ட சராசரியா இருக்கற குளுர விட ஜாஸ்தி. இத முதல்ல படிச்சப்ப ரெண்டு தடவ திரும்பப் படிச்சேன்.

அம்பது கிலோமீட்டருக்கு மேல ஓசோன் தீந்துருது, திரும்ப எறங்கி 85, 90 கிலோமீட்டர்ல மைனஸ் 90 கிட்ட போகுது. அதுக்கு மேலதான் அம்மிணி சொன்ன ஆயிரம் டிகிரி. சூரியனோட எக்ஸ் கதிரையும் கடுமையான புற ஊதாவையும் முதல்ல வாங்கிக்கறது அந்தக் காத்துதான், ஐநூறுல இருந்து ரெண்டாயிரம் டிகிரி வரைக்கும் சூரியன் இருக்கற மூடப் பொறுத்து மாறும். பொய்யில்ல, ஆனா அந்த டிகிரிய அடுப்பு டிகிரியா நெனைக்கக் கூடாது. எங்க ஒர்க்ஷாப்ல கிரைண்டிங் வீல்ல இரும்ப வெச்சா பொறி பறக்கும், ஒவ்வொரு பொறியும் ஆயிரம் டிகிரிக்கு மேல, ஆனா கைல பட்டா சுள்ளுனு ஒரு நொடி, அவ்வளவுதான். அதே கைல ஒரு டம்ளர் தொண்ணூறு டிகிரி டீய ஊத்துங்க பாக்கலாம். டிகிரிங்கறது ஒரு துகள் எவ்வளவு வேகமா ஓடுதுங்கறது, சூடுங்கறது அந்த மாதிரி எத்தனை துகள் வந்து மோதுதுங்கறதும் சேந்தது. சர்வதேச விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர்ல அந்த "ஆயிரம் டிகிரி"க்குள்ளயேதான் சுத்திக்கிட்டு இருக்குது, அங்க துகள் அவ்வளவு அபூர்வம். அதுக்கு சூடு பெரும்பாலும் வர்றது நேரா அடிக்கற வெயில்ல இருந்து.

இன்னொரு சின்ன விசயம், பலபேருக்கு தெரியறதில்ல. சில போன்கள்ல பாரோமீட்டர் சென்சார் இருக்கும், அது இருந்தா ஒரே எடத்துல வெச்சு நாள் பூரா குறிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் புயல் ஏதும் இல்லாத நாள்ல காலைல பத்து மணிக்கு உச்சம், சாயங்காலம் நாலு மணிக்கு பள்ளம், ராத்திரி பத்துக்கு திரும்ப ஒரு உச்சம், விடியக்காலம் நாலுக்கு ஒரு பள்ளம், மூணு மில்லிபார் அளவுக்கு தெனமும் ஏறி எறங்கும், கடியாரம் மாதிரி. கடல் தண்ணி தெனமும் ஏறி எறங்கற ஓதம் மாதிரி காத்துக்கும் ஓதம், ஆனா இத ஆட்டறது நிலா இல்ல, ஓசோனையும் ஈரத்தையும் சூடாக்கற சூரியன்தான். துருவத்துப் பக்கம் இது ரொம்ப சின்னது, அங்க வானிலை ஆட்டத்துல காணாம போயிரும், நமக்குத்தான் பளிச்சுனு தெரியும்.

அம்மிணி அடுத்த தடவ ஊட்டி போனா மிக்சர் பாக்கெட் வேண்டாம், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒண்ணு மெடிக்கல்ல வாங்கிக்குங்க. ஊட்டி பஸ் ஸ்டாண்டுல பிஸ்டன சரியா 10 மில்லிக்கு இழுத்து, மூக்க எம்-சீல் வெச்சு அடைச்சுருங்க, நல்லா எறுகட்டும். மேட்டுப்பாளையம் எறங்கி டீக்கடைல உக்காந்து பிஸ்டன லேசா தட்டி உட்டுட்டு பாருங்க, ரப்பர் கொஞ்சம் புடிக்கும், அதனால தட்டணும். அழுத்தம் மட்டும்னா 8 மில்லிக்கு கீழ போயிருக்கும், கீழ சூடு ஜாஸ்திங்கறதால கொஞ்சம் விரிஞ்சு 8.3 கிட்ட நிக்கும். எவ்வளவு வந்துச்சுன்னு எழுதுங்க, எம்-சீல் ஒழுகுச்சுன்னா அதையும் எழுதுங்க.